எடைக்கு எத்தனை நிமிடம்? முதல்நிலை மருத்துவருக்கு முன்னால் உள்ள ஆறு வழிகள்

எந்த உடல்நலப் பிரச்சினைக்கும் மக்கள் முதலில் போய்ப் பார்க்கும் முதல்நிலை மருத்துவத்தில் இருக்கும் இளம் மருத்துவர்கள் சிலர் கொஞ்ச காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டு எழுதுகிறார்கள். உடற்பருமன் உள்ள நோயாளியிடம் நாமே உட்கார்ந்து பேச வேண்டுமா? உணவியல் நிபுணரிடம் அனுப்பினால் போதுமா? புதிதாக வந்திருக்கும் எடைக்குறைப்பு ஊசிகளை எழுதித் தரலாமா? இல்லை, அவர் எதற்காக வந்தாரோ அதை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதா? எல்லாக் கேள்விக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நேரம் இல்லை.

அது சாக்கு இல்லை. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் 22.5 நிமிடம். உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வாழும் 18 நாடுகளில் அது 5 நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. 2022இல் அமெரிக்காவில் இன்னொரு கணக்குப் போட்டார்கள். 2,500 பேருக்குப் பொறுப்பான ஒரு மருத்துவர், வழிகாட்டு நெறிகள் சொல்வதையெல்லாம் தானே செய்தால் நாளொன்றுக்கு 26.7 மணி நேரம் வேண்டும். அதில் 14.1 மணி நேரம் நோய்த்தடுப்புப் பணிக்கு மட்டும்.

மறுபக்கம், 2022 நிலவரப்படி குழந்தைகளையும் சேர்த்து உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் உடற்பருமனோடு வாழ்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் முதலில் வந்து நிற்பது முதல்நிலை மருத்துவரின் கதவில்தான். ஆகவே "எடையைப் பற்றியும் பேசுங்கள்" என்று யாராவது சொன்னால், அதற்கு இடம் விட எதைத் தள்ளி வைப்பது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். 2023இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் சில மருத்துவர்கள் இதையே ஓர் அளவுகோலாக முன்வைத்தார்கள். ஒரு மருந்தை மதிப்பிடும்போது எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பலன் கிடைக்கும் என்று பார்க்கிறோம். அதேபோல ஒருவருக்குப் பலன் கிடைக்க மருத்துவரின் நேரம் எவ்வளவு செலவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். இந்தக் கட்டுரை அந்த வழியில்தான் போகிறது.

எதை வைத்து ஒப்பிடுகிறேன்

முதலாவது, மருத்துவரின் நிமிடங்கள். ஒரு சந்திப்புக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஓர் ஆண்டுக்கு எவ்வளவு, அடுத்த ஆண்டும் தொடருமா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பலன். ஓராண்டு, இரண்டாண்டு கழித்து எடையிலோ சர்க்கரையிலோ இதயத்திலோ என்ன மாறியிருக்கிறது?

மூன்றாவது, மறைவான செலவு. செவிலியரின் நேரம், பதிவேட்டு வேலை, தொலைபேசி அழைப்புகள், காத்திருப்பறையில் பின்னுக்குத் தள்ளப்படும் இன்னொரு நோயாளி.

நான்காவது, நோயாளியின் மரியாதை. இது நேரக் கணக்கில் சேராத விஷயம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அது தவறு. அவமானப்பட்டவர் திரும்பி வருவதில்லை. வரும்போது நோய் முற்றிப்போய் வருகிறார். அப்போது ஆகும் நேரத்துக்கு அளவே இல்லை.

கணக்குக்காக ஒரு மருத்துவரை எடுத்துக்கொள்வோம். அவரிடம் 2,000 பேர் பதிவு செய்திருக்கிறார்கள், அவர்களில் 500 பேருக்கு உடற்பருமன். ஆண்டுக்கு 220 நாள், நாளுக்கு 6 மணி நேரம் நோயாளிகளைப் பார்க்கிறார். மொத்தம் 1,320 மணி நேரம். அந்த 500 பேரில் 100 பேர் இந்த ஆண்டு ஏதாவது செய்ய முன்வருகிறார்கள் என்று வைப்போம். இவை நான் வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது.

| வழி | முதல் ஆண்டில் மருத்துவரின் நேரம் | ஆய்வுகளில் தெரிந்த பலன் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| பேசாமல் விடுவது | கணக்கில் வராது, ஆனால் பூஜ்யம் இல்லை | இல்லை | சிதறிக் கிடக்கும் சந்திப்புகள், தாமதமான நோயறிதல் |
| 30 விநாடிப் பேச்சு, உடனே அனுப்புதல் | 500 பேருக்கு 4 முதல் 17 மணி நேரம் | ஓராண்டில் சராசரி 2.4 கிலோ குறைவு | அனுப்ப நல்ல இடம் இருக்க வேண்டும் |
| மருத்துவரே தொடர்ந்து ஆலோசனை | 100 பேருக்கு 550 மணி நேரம் | மருத்துவர் தனியாகச் செய்தால் குறைவு | மற்ற நோயாளிகளின் இடம் |
| செவிலியர், உணவியல் நிபுணர், பயிற்றுநர் | 100 பேருக்குச் சுமார் 75 மணி நேரம் | திட்டத்தின் தீவிரத்தைப் பொறுத்து நல்ல பலன் | அவர்களின் நேரம், பயிற்சி |
| குழுச் சந்திப்பு | 100 பேருக்கு 60 முதல் 180 மணி நேரம் | பாடத்திட்டத்தைப் பொறுத்தது | இடம், வருகைக் குறைவு |
| மருந்து | 100 பேருக்குச் சுமார் 150 மணி நேரம் | சராசரி 15 விழுக்காடோ அதற்கு மேலோ | ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும் நேரம் |

1. பேசாமல் விடுவது

இதை ஒரு வழியாக யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் நடைமுறையில் அதிகம் நடப்பது இதுதான். 11 நாடுகளில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்றில், எடையோடு போராடத் தொடங்கியதற்கும் அதைப் பற்றி மருத்துவப் பணியாளர் ஒருவரிடம் முதன்முதலாகப் பேசியதற்கும் இடையே சராசரியாக 6 ஆண்டுகள் கடந்திருந்தன.

பேசாததால் நேரம் மிச்சமாவதாகத் தோன்றும். அந்த 6 ஆண்டில் அதே மனிதர் முழங்கால் வலிக்கு வருவார். ரத்த அழுத்தத்துக்கு வருவார். குறட்டையும் பகல் தூக்கமும் என்று வருவார், நெஞ்செரிச்சலுக்கு வருவார், கடைசியில் சர்க்கரைக்கு வருவார். ஒவ்வொன்றும் தனிச் சந்திப்பு, தனி மாத்திரை, தனி ரத்தப் பரிசோதனை. எடை என்ற ஒரு தலைப்பில் செலவாகாத நேரம் பத்துத் தலைப்புகளில் செலவாகிறது. எந்தப் பதிவேடும் அதை ஒன்றாகக் கூட்டிக் காட்டாது என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சிறிய உதாரணம் ஒன்று. பருத்த கையில் வழக்கமான அளவுப் பட்டையைச் சுற்றினால் ரத்த அழுத்தம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுகிறோம், மயக்கம் வருகிறது, மறுபடி ஒரு சந்திப்பு. பெரிய பட்டை ஒன்றை மேசையில் வைத்திருந்தால் இவ்வளவும் மிச்சம்.

இதைவிட மோசமானது பாதி பேசுவது. பயிற்சி முடித்து வந்த புதிதில் முழங்கால் வலியோடு வந்த ஓர் அம்மாவிடம் "முதல்ல எடையைக் குறைங்கம்மா" என்று சொல்லிவிட்டு வலி மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். எப்படிக் குறைப்பது என்று சொல்லவில்லை, காலையும் சரியாகத் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் இரண்டு ஆண்டுகள் வரவேயில்லை. திரும்பி வந்தபோது காலில் ஆறாத புண்ணும் கண்டுபிடிக்கப்படாத சர்க்கரையும் இருந்தன. "நீங்க திட்டுவீங்கன்னு வரல டாக்டர்" என்றார். அன்று நான் மிச்சப்படுத்தியதாக நினைத்த மூன்று நிமிடத்துக்கு அவர் கொடுத்த விலை அது. இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது.

பேசாமல் விடுவதே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. நெஞ்சு வலியோடு வந்தவர், வீட்டில் சாவு நடந்து துக்கத்தில் இருப்பவர், உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, அளவுமீறி உண்பது போன்ற மனநலப் பிரச்சினை) இருக்கிறதோ என்று நமக்குச் சந்தேகம் உள்ளவர், தளர்ந்த முதுமையில் இருப்பவர், "இன்றைக்கு வேண்டாம்" என்று நேராகச் சொன்னவர். இவர்களிடம் அன்றைக்குப் பேசக் கூடாது. அடுத்த முறை கேட்கலாமா என்று ஒரு குறிப்பு எழுதி வைத்தால் போதும்.

2. 30 விநாடிப் பேச்சு, உடனே அனுப்புதல்

நேரக் கணக்கில் எனக்கு மிகவும் நம்பிக்கை கொடுத்த ஆய்வு இது. 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, இங்கிலாந்தில் நடந்தது. 137 மருத்துவர்கள், 1,882 நோயாளிகள். வேறு ஏதோ காரணத்துக்காக வந்தவர்களிடம், சந்திப்பின் முடிவில் 30 விநாடி பேசினார்கள். ஒரு பாதிப் பேருக்கு "எடை குறைத்தால் உடல்நலத்துக்கு நல்லது" என்ற அறிவுரை மட்டும். மறு பாதிப் பேருக்கு 12 வார எடைக்குறைப்புக் குழு ஒன்றில் சேர இடம் தருவதாகச் சொல்லி, அங்கேயே பதிவும் செய்து அனுப்பினார்கள்.

இடம் தரப்பட்டவர்களில் 77 விழுக்காட்டினர் சரி என்றார்கள், 40 விழுக்காட்டினர் உண்மையாகவே போனார்கள். ஓராண்டு கழித்து இந்தப் பக்கத்தில் சராசரியாக 2.43 கிலோ குறைந்திருந்தது, அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் 1.04 கிலோ. போகாதவர்களையும் சேர்த்து வந்த சராசரி அது. மருத்துவர்கள் பெரிதும் பயப்படும் விஷயம் ஒன்று உண்டே, நோயாளி கோபித்துக்கொள்வாரோ என்று? 1,882 பேரில் 4 பேருக்குத்தான் அந்தப் பேச்சு பொருத்தமில்லாததாகப் பட்டது. 81 விழுக்காட்டினர் அது பொருத்தமாகவும் உதவியாகவும் இருந்தது என்றார்கள்.

நம் மாதிரி மருத்துவரின் கணக்கில் 500 பேருக்கு 30 விநாடி என்றால் 4 மணி 10 நிமிடம். ஓர் ஆண்டுக்கே அவ்வளவுதான். எடை பார்ப்பது, பதிவு செய்வது, ஒரு மறுகேள்வி என்று தலைக்கு 2 நிமிடம் போட்டாலும் 16 மணி 40 நிமிடம். 1,320இல் அது நூற்றில் ஒன்றரை பங்கு கூட இல்லை.

இந்த வழிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அனுப்ப ஓர் இடம் வேண்டும். அது நோயாளிக்குக் கட்டுப்படியாக வேண்டும், போய்வர வசதியாக இருக்க வேண்டும், மரியாதையாக நடத்த வேண்டும். அந்த இடம் எவ்வளவு நாள் தொடர்கிறது என்பதும் முக்கியம். 2017இல் வந்த இன்னொரு ஆய்வில் 1,267 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். கையேட்டோடு சுருக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்கள் ஓராண்டில் சராசரியாக 3.26 கிலோ குறைந்தார்கள். 12 வாரக் குழுவுக்குப் போனவர்கள் 4.75 கிலோ, 52 வாரக் குழுவுக்குப் போனவர்கள் 6.76 கிலோ. 12 வாரமானாலும் 52 வாரமானாலும் மருத்துவரின் நேரம் கூடவில்லை. கூடியது குழுவின் நேரம்தான்.

இடம் இல்லாமல் 30 விநாடிப் பேச்சை மட்டும் செய்யாதீர்கள். அது நான் அந்த அம்மாவிடம் சொன்ன வாக்கியத்தின் கொஞ்சம் நாகரிகமான வடிவம், அவ்வளவுதான்.

3. மருத்துவரே தொடர்ந்து ஆலோசனை சொல்வது

மனதுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். நோயாளியைத் தெரியும், குடும்பத்தைத் தெரியும், நம் சொல்லுக்கு மதிப்பும் இருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2011இல் இதற்குப் பணம் தரத் தொடங்கியது. முதல் மாதம் வாரம் ஒருமுறை, 6ஆம் மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த 6 மாதத்தில் 3 கிலோ குறைந்திருந்தால் ஆண்டு முடியும் வரை மாதம் ஒருமுறை. 15 நிமிடச் சந்திப்புகள் மொத்தம் 22 வரை.

சரி, பெருக்கிப் பார்ப்போம். 22 × 15 என்றால் 330 நிமிடம், அதாவது 5½ மணி நேரம். 100 பேருக்கு 550 மணி நேரம். நம் மருத்துவரின் ஆண்டு நேரத்தில் 42 விழுக்காடு போய்விட்டது, இன்னும் 400 பேர் பாக்கி. பணம் கிடைத்தாலும் நேரம் கிடைக்காது என்பது இந்தப் பெருக்கலில் தெரிந்துவிடுகிறது.

சந்திப்புகளைக் குறைத்தால்? 2011இல் வெளியான ஓர் ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. 6 முதல்நிலை மருத்துவமனைகளில் 390 பேர். மருத்துவர் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துப் பேசிய குழுவில் இரண்டு ஆண்டில் 1.7 கிலோ குறைந்தது. அதோடு பயிற்சி பெற்ற மருத்துவமனை உதவியாளர் மாதம் ஒருமுறை சிறிது நேரம் பேசிய குழுவில் 2.9 கிலோ. அதற்கும் மேலே, வழக்கமான உணவுக்குப் பதிலாக எடுக்கும் மாற்று உணவு அல்லது மருந்து சேர்ந்த குழுவில் 4.6 கிலோ. மருத்துவரின் பங்கு மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசத்தை உண்டாக்கியது மற்றவர்களின் பங்கு.

இதில் எனக்குச் சங்கடமான உண்மை ஒன்று இருக்கிறது. உணவு, உடற்பயிற்சி, பழக்க மாற்றம் பற்றிப் பேச நம்மில் பலருக்கு முறையான பயிற்சியே கிடையாது. செவிலியரோ உணவியல் நிபுணரோ நம்மைவிட நன்றாகச் செய்யும் வேலையை, நம்மிடம் இருப்பதிலேயே அரிதான நேரத்தில் செய்கிறோம்.

சுற்றுவட்டாரத்தில் வேறு யாருமே இல்லாத இடத்தில் இந்த வழி சரி. அங்கேயும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போடாமல், ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேரை எடுத்து முழுமையாகச் செய்வதே நல்லது. யாரை எடுப்பது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

4. செவிலியர், உணவியல் நிபுணர், பயிற்றுநர்

முன்பு சொன்ன 26.7 மணி நேரக் கணக்குக்கு ஒரு மறுபாதி உண்டு. அதே வேலையைக் குழுவாகப் பகிர்ந்துகொண்டால் மருத்துவரின் பங்கு நாளுக்கு 9.3 மணி நேரமாகக் குறைகிறது. அதுவும் அதிகம்தான், ஆனால் ஒரு மனிதரால் செய்யக்கூடிய அளவு.

இந்த வழியின் உச்சத்தைக் காட்டியது ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடிலும் நடந்த டைரெக்ட் ஆய்வு. 49 முதல்நிலை மருத்துவமனைகள், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 306 பேர். மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி வரை மட்டுமே தரும் திரவ உணவு, பிறகு வழக்கமான உணவுக்குப் படிப்படியாகத் திரும்புதல், பிறகு எடையைத் தக்கவைக்கத் தொடர் ஆதரவு. நடத்தியது அந்தந்த மருத்துவமனையின் செவிலியரோ உணவியல் நிபுணரோதான். ஓராண்டில் 46 விழுக்காட்டினர் மருந்தில்லாமலே சர்க்கரை நோயிலிருந்து மீண்டிருந்தார்கள், வழக்கமான சிகிச்சையில் 4 விழுக்காடு. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காடு. இரண்டாம் ஆண்டு முடிவில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. எடை கொஞ்சம் திரும்பி வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அங்கே மருத்துவரின் வேலை என்ன? முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் நிறுத்தினார்கள், பிறகு தேவைப்பட்டவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். அந்த முடிவு மருத்துவருடையது. இன்சுலினோ சல்ஃபோனில்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் திடீரென உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். எடையைக் கூட்டும் மருந்துகளை இனங்காண்பதும் நம் வேலைதான். இன்சுலின், சல்ஃபோனில்யூரியா, மனநோய்க்கான ஒலான்சபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், மனச்சோர்வுக்கான மிர்ட்டாசபின், நரம்பு வலிக்கான காபாபென்டின், நீண்டநாள் ஸ்டீராய்டு, ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் சில பீட்டா தடுப்பான்கள். இவற்றில் ஒன்று சீட்டில் இருக்கும்போது நோயாளியின் மனவுறுதியைக் குறை சொல்வது அநியாயம். பத்து நிமிடம் உட்கார்ந்து மருந்துப் பட்டியலைத் திருத்துவது, பத்து மாத அறிவுரையைவிடப் பலன் தரலாம். அந்தப் பத்து நிமிடத்தை நம்மைத் தவிர யாராலும் தர முடியாது.

கணக்கு: தொடக்கத்தில் மருந்துப் பட்டியலைப் பார்க்க 15 நிமிடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 7 நிமிடம். தலைக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, 100 பேருக்கு 75 மணி நேரத்துக்குள். செவிலியர் மாதம் 15 நிமிடம் பார்த்தால் 300 மணி நேரம். இந்த 300ஐ யாரும் கேட்காமல் விடுவதுதான் இந்த வழியின் மறைவான செலவு. அந்த நேரத்தில் அவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார், தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். கூடுதல் கையில்லாமல் கூடுதல் வேலையை அவர் தலையில் ஏற்றினால் ஆறு மாதத்தில் எல்லாம் நின்றுபோகும்.

நேரில் வர முடியாதவர்களுக்குத் தொலைபேசி வழியும் நன்றாகவே வேலை செய்கிறது. 2011இல் 415 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்றுநர்கள் தொலைபேசி, இணையம் வழியாக மட்டும் ஆதரவு கொடுத்த குழுவில் இரண்டு ஆண்டில் 4.6 கிலோ குறைந்தது, நேரிலும் சந்தித்த குழுவில் 5.1 கிலோ. ஆதரவு இல்லாத குழுவில் 0.8 கிலோ.

5. குழுச் சந்திப்பு

பத்துப் பேரை ஒன்றாக உட்கார வைத்து ஒன்றரை மணி நேரம் பேசுவது. தலைக்கு 9 நிமிடம் ஆகிறது, ஆனால் ஒவ்வொருவரும் 90 நிமிடம் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 12 முறை, 10 குழுக்கள் என்றால் 180 மணி நேரம். மருத்துவர் முதல் அரைமணி நேரம் மட்டும் இருந்து, மீதியைச் செவிலியர் நடத்தினால் 60 மணி நேரம். சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 58 விழுக்காடு குறைத்துக் காட்டிய புகழ்பெற்ற அமெரிக்கத் திட்டம் 16 பாடங்களைத் தனித்தனியாகத்தான் சொல்லிக் கொடுத்தது. பிறகு அதே பாடங்களைப் பல இடங்களில் குழுவாக நடத்தத் தொடங்கினார்கள், காரணம் இந்த நேரக் கணக்குதான்.

பத்துப் பேருக்கு ஐந்து பேர் வந்தால் கணக்கு அப்படியே இரட்டிப்பாகிவிடும். பத்துப் பதிவேடுகளை எழுதும் நேரமும் தனி. உறுதியான, கைப்பிடி இல்லாத நாற்காலிகள் வேண்டும். எல்லோர் முன்னாலும் எடை பார்க்கவே கூடாது. ஒரே பிரச்சினை உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்கும் இடத்தில் இது அழகாக நடக்கும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் சின்ன ஊரில் பலர் வாயைத் திறக்க மாட்டார்கள்.

6. மருந்து

எடைக் குறைப்பு அளவை மட்டும் பார்த்தால் இங்கே போட்டியே இல்லை. பசியைக் குறைக்கும் செமாக்ளூடைடு ஊசி, வாரம் 2.4 மில்லிகிராம், 1,961 பேர், 68 வாரம்: எடையில் சராசரி 14.9 விழுக்காடு குறைவு, ஒப்பிட்டுப் பார்க்கப் போட்ட மருந்தில்லாத வெற்று ஊசியில் 2.4 விழுக்காடு. அது 2021. அடுத்த ஆண்டு டிர்செபடைடு என்ற இன்னொரு ஊசி அதன் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் 20.9 விழுக்காடு காட்டியது. 2023இல், ஏற்கெனவே இதய ரத்தநாள நோய் இருந்து சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் செமாக்ளூடைடு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றைச் சேர்த்து 20 விழுக்காடு குறைத்தது.

"எழுதிக் கொடுத்தால் முடிந்தது, நேரம் மிச்சம்" என்று சிலர் நினைக்கிறார்கள். இதோடு நான் உடன்படவில்லை. செமாக்ளூடைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி 0.5, 1, 1.7 என்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி 2.4க்குப் போக 16 வாரம் ஆகிறது. ஒவ்வொரு படியிலும் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பற்றிக் கேட்க வேண்டும். பித்தப்பைக் கல், அரிதாகக் கணைய அழற்சி, கருத்தரிக்கும் திட்டம், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்ற விசாரணை, மற்ற சர்க்கரை மருந்துகளைக் குறைத்தல், இவையும் உண்டு. முதல் சந்திப்புக்கு 20 நிமிடம், நான்கு படிகளுக்கு 40, பிறகு மூன்று சந்திப்புக்கு 30 என்று வைத்தால் தலைக்கு ஒன்றரை மணி நேரம். 100 பேருக்கு 150 மணி நேரம்.

இதன் உண்மையான நேரச் செலவு இரண்டாம் ஆண்டில்தான் வெளியே வரும். மருந்தை நிறுத்தினால் எடை திரும்புகிறது. நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை முன்பு சொன்ன 2021 ஆய்வின் தொடர்ச்சியே காட்டியது. ஆகவே பலருக்கு இது நீண்டகால மருந்து. முதல் வருடத்து 100 பேர் அடுத்த ஆண்டும் நம்மிடம் இருப்பார்கள், அவர்களுக்கு ஆண்டுக்கு 40 நிமிடம் என்றாலும் 67 மணி நேரம். ஒவ்வோர் ஆண்டும் புதிதாக 100 பேரைச் சேர்த்து, யாரும் விலகாமல் இருந்தால், ஐந்தாம் ஆண்டில் 150ஓடு நான்கு 67 சேர்ந்து ஏறத்தாழ 420 மணி நேரம். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. மருந்து கிடைக்காத மாதங்களில் வரும் தொலைபேசி அழைப்புகளும், செலவை ஏற்பவர்களுக்கு நிரப்ப வேண்டிய படிவங்களும் இதில் இல்லை.

மறுபுறம் மிச்சமாகும் நேரமும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரை குறையும், சர்க்கரை கட்டுக்குள் வரும், வலிக்கான சந்திப்புகள் குறையலாம். மருந்தைக் கூட்டும் படிகளைப் பயிற்சி பெற்ற செவிலியரோ மருந்தாளுநரோ ஏற்றுக்கொண்டால் மருத்துவரின் 90 நிமிடம் பாதியாகிவிடும். இதய நோய் ஏற்கெனவே இருப்பவர், மூச்சுத்திணறும் உறக்கக் கோளாறு உள்ளவர், சர்க்கரையும் எடையும் சேர்ந்து ஏறியவர், மற்ற வழிகளை உண்மையாக முயன்று களைத்தவர், இவர்களுக்கு இந்த நேரத்தைக் கொடுக்கத் தயங்கக் கூடாது. எடை திரும்புவது மனவுறுதிக் குறைவால் இல்லை. எடை குறைந்து ஓராண்டு ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய எடைக்கே இழுத்துக்கொண்டிருப்பதை 2011இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள்.

யாருக்கு எது

500 பேரையும் ஒரே மாதிரி பார்ப்பதால்தான் நேரம் போதாமல் போகிறது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பிஎம்ஐ 30ஐத் தாண்டியிருப்பது மட்டும் ஒருவர் இப்போது நோயாளி என்பதற்குச் சான்று இல்லை. 2025 தொடக்கத்தில் லான்செட் இதழின் நிபுணர் குழு ஒன்று உடற்பருமனை இரண்டாகப் பிரித்தது: உறுப்புகளின் வேலையோ அன்றாட நடமாட்டமோ ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம், இன்னும் பாதிப்பு வராமல் அபாயம் மட்டும் உள்ளவர்கள் இன்னொரு பக்கம். இந்தப் பிரிவினைமேல் விவாதம் இருக்கிறது. ஆனால் நேரத்தைப் பங்கிட இதைவிட நல்ல அளவுகோல் என் கையில் இல்லை. முதல் பக்கத்தவருக்கு நம் நிமிடங்கள், நான்காவது, ஆறாவது வழிகள். இரண்டாம் பக்கத்தவருக்கு 30 விநாடியும் நல்ல ஓர் இடமும். தனியாக இருக்கும் மருத்துவர் ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேரை எடுக்கச் சொன்னேனே, அவர்களும் முதல் பக்கத்திலிருந்துதான்.

பக்கத்தில் நல்ல எடைக்குறைப்புக் குழு இருந்தால் இரண்டாவது வழியிலிருந்து தொடங்குங்கள். செவிலியர் ஒருவரின் நேரத்தில் வாரம் அரை நாளை உண்மையாகவே ஒதுக்க முடிந்தால் நான்காவதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லை, நோயாளிகள் ஒருவரோடொருவர் பேசத் தயார் என்றால் ஐந்தாவது. மருந்தைத் தொடங்கும் முன் அடுத்த மூன்று ஆண்டுக்கு அவரை யார் பார்ப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெயர் எழுத முடியவில்லை என்றால், தொடங்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள். மூன்றாவது வழியை முழுநேர ஏற்பாடாக நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் முதல் வாக்கியம் கேள்வியாக இருக்கட்டும். "உங்கள் எடையைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் பேசலாமா?" அவர் எதற்காக வந்தாரோ அதை முதலில் முழுமையாகப் பார்த்து முடித்த பிறகு. எடை இயந்திரம் மறைவான இடத்தில், எண்ணை உரக்கச் சொல்லாமல்.

மூன்று மாதம் கழித்து ஒரு சிறிய கணக்கு எடுங்கள். இடம் இருக்கிறது என்று சொன்ன 20 பேரில் எத்தனை பேர் உண்மையாகப் போனார்கள்? அந்த இங்கிலாந்து ஆய்வின் விகிதத்தில் பார்த்தால் 8 பேர் போயிருக்க வேண்டும். உங்களுக்கு 2 அல்லது 3 வந்தால், போகாதவர்களில் நான்கைந்து பேரைத் தொலைபேசியில் அழைத்து ஏன் என்று கேளுங்கள். நேரம் ஒத்துவரவில்லை, தூரம், அங்கே பேசிய விதம் பிடிக்கவில்லை, பதிவு எண் கிடைக்கவில்லை என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். அதைச் சரிசெய்துவிட்டு அடுத்த 20 பேரிடம் பேசலாம்.